எழுதவும் படிவம் நிரப்பவும் பழைய டேப்லெட்: தேர்ந்தெடுக்கும் முறை

கிராம வளர்ச்சித் திட்டம் எதுவாயினும் அது பயனாளியை வந்தடைவது ஒரு படிவத்தின் வழியாகவே. முதியோர் ஓய்வூதியம், பயிர் இழப்பீடு, சுயஉதவிக் குழுவின் கடன், வன உரிமைக் கோரிக்கை ஆகிய அனைத்துக்கும் பெயர், தந்தை பெயர், நில எண், கையொப்பம் ஆகியவை பிழையின்றி எழுதப்பட வேண்டும். ஓர் எழுத்து மாறினால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதன் பொருட்டு ஓர் உழவரோ கூலித் தொழிலாளியோ ஒரு நாள் வேலையை இழந்து மீண்டும் அலுவலகம் செல்ல நேரிடுகிறது. ஆகவே படிவத்தை நிரப்பித் தருபவரின் கையில் உள்ள கருவி எத்தகையது என்பது வளர்ச்சிப் பணியோடு நேரடித் தொடர்புடைய கேள்வியாகும்.

கர்நாடகத்தின் தென்கிழக்கு மூலையில், ஈரோடு மாவட்டத்தை நோக்கிய எல்லைப் பகுதியில் ராமாபுரம் அமைந்துள்ளது. ஹனூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1997 ஆம் ஆண்டில் சாமராசநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. காடுகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் கன்னடமும் தமிழும் ஒருங்கே வழங்குகின்றன. படிவங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் அச்சிடப்பட்டவை. விவரம் சொல்பவர் தமிழில் சொல்லக்கூடும். இணையதளம் ஆங்கிலத்தில் கேட்கக்கூடும். காட்டை ஒட்டிய சிற்றூர்களில் கைப்பேசி அலைத்தொடர்பு எல்லா இடத்திலும் ஒரேபோல் கிடைப்பதில்லை. இத்தகைய சூழலில் குழுக் கணக்கெழுதுபவரோ, சேவை மையம் நடத்துபவரோ, தொண்டு நிறுவனக் களப்பணியாளரோ தம் சொந்தப் பணத்தில் ஒரு டேப்லெட் வாங்க முற்பட்டால், புதியதன் விலை எட்டாமல் பழையதைத் தேடுவது இயல்பு. பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் விலையை முதலிலும் பேனாவைக் கடைசியிலும் பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இழப்பில் முடிகிறது. எழுதுவதற்காக வாங்கும் கருவியில் முதலில் ஆராய வேண்டியது அதன் பேனாவையே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடி முயற்சிகளின் பாடம்

மலிவான கைக்கணினியைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் கர்நாடகத்தில் புதியதன்று. பெங்களூரில் 1998 இல் உருவான ஒரு கருத்தின் அடிப்படையில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்னும் கைக்கணினியை வடிவமைத்தனர். சிறு பேனாவால் திரையைத் தொட்டு இயக்கும் அமைப்பும், பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் ஸ்மார்ட் கார்டு வசதியும் அதில் இருந்தன. 2004 இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக, ஏறத்தாழ 10,000 ரூபாய் தொடக்க விலையில் அது விற்பனைக்கு வந்தது. கர்நாடக அரசின் நில ஆவணப் பணியிலும் அது பயன்படுத்தப்பட்டது. எனினும் எதிர்பார்த்த அளவில் பரவவில்லை.

அதே காலத்தில் கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் சுமார் 67 லட்சம் உழவர்களின் ஏறத்தாழ 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. 'பஹணி' என்று உழவர்கள் அழைக்கும் நிலச் சான்றைக் கணினி அச்சாகவே பெறும் நிலை உருவாயிற்று. கருவி புதுமையானதாக இருந்தும் சிம்ப்யூட்டர் தேங்கியது. சாதாரண மேசைக்கணினியைக் கொண்டே 'பூமி' நிலைபெற்றது. குறிப்பிட்ட ஒரு வேலையைச் சுற்றிக் கருவியும் மென்பொருளும் பணியாளரும் அமைந்ததே 'பூமி'யின் வலிமை.

2011 ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு காகிதத்துக்கு மாறாகக் கையடக்க மின்னணுக் கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் மாணவர்களுக்கான 'ஆகாஷ்' டேப்லெட் புதுடெல்லியில் வெளியிடப்பட்டது. அரசு அதற்குத் தந்த விலை 2,276 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 7 அங்குலத் திரை கொண்ட அம்முதல் மாதிரியில் அழுத்தினால் மட்டுமே உணரும் தொடுதிரை இருந்தது. அதன் மந்தமான வினை பரவலாகக் குறைகூறப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த 'ஆகாஷ் 2' வேறு வகைத் திரைக்கு மாறியது. விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒரு கருவி எழுதும் பலகையாகிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

2025 செப்டம்பர் 22 இல் கர்நாடகத்தில் தொடங்கிய சமூக, கல்விக் கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியாக நடைபெற்றது. 2027 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எண்ணியல் முறையிலேயே நடத்தத் திட்டமிடப்பட்டது. படிவம் திரைக்கு மாறும் போக்கு இனிப் பின்வாங்கப்போவதில்லை.

வேலையை மூன்றாகப் பிரித்தல்

கருவியைத் தேடுமுன் வேலையைப் பிரித்துப் பார்ப்பது முறை. படிவம் நிரப்புதல் என்னும் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் உள்ளன.

முதலாவது, இணையதளத்திலோ செயலியிலோ கட்டங்களை நிரப்புவது. இதில் பெரும்பகுதி, கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பதும் எண்களைத் தட்டுவதுமே. இதற்குச் சிறப்பான பேனா தேவையில்லை.

இரண்டாவது, பி.டி.எஃப் வடிவில் உள்ள படிவத்தின் மேல் எழுதுவது. அச்சிட்ட படிவத்தைப் படமெடுத்துத் திரையில் விரித்து, கோடுகளின் மேல் பேனாவால் எழுதி, மீண்டும் அச்சிட்டுக் கொடுக்கும் முறை இது. இங்கு பேனா நுட்பமானதாக இருத்தல் வேண்டும். சில படிவங்கள் மேசைக்கணினியின் அடோபி ரீடரில் மட்டுமே திறக்கும் வகையில் அமைக்கப்பட்டிருப்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அத்தகைய படிவங்களே மிகுதியாக வருமானால் ஆண்ட்ராய்டு, ஐபேட் ஆகிய இரண்டும் பயன்படா. விண்டோஸ் டேப்லெட்டே ஏற்றது.

மூன்றாவது, களத்தில் குறிப்பெடுப்பது. கூட்ட நடவடிக்கை, நிலத்தின் கைவரைபடம், வரவு செலவுக் குறிப்பு ஆகியவை இதில் அடங்கும். வன உரிமைச் சட்டம், 2006 இன் கீழ்க் கோரிக்கை தயாரிக்கும்போது நிலத்தின் நான்கு எல்லைகளையும் ஓடையையும் பாறையையும் குறித்து வரைவது பயனுள்ளது. இவ்வேலையில் பேனாவுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

ஒருவர் தம் ஒரு வாரப் பணியை இம்மூன்றாகப் பிரித்து எண்ணிப் பார்த்தால் முடிவு எளிதாகும். முதல் வகையே பெரும்பகுதி என்றால் பேனா உள்ள டேப்லெட் தேவையே இல்லை. கையில் உள்ள கைப்பேசியும் ஒரு சிறு புளூடூத் விசைப்பலகையும் போதும். இரண்டாவதும் மூன்றாவதும் மிகுமானால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பேனாவின் மூன்று வகைகள்

சந்தையில் 'டச் பேனா' என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. வேறுபாடு பேனாவில் மட்டுமன்றித் திரைக்குள்ளும் இருக்கிறது.

முதல் வகை, ரப்பர் நுனியோ மெல்லிய வட்டத் தகடோ கொண்ட சாதாரணப் பேனா. இது விரலைப் போலவே திரையின் மின்தேக்கத்தை மாற்றுகிறது. எல்லாத் தொடுதிரையிலும் வேலை செய்யும். விலையும் மிகக் குறைவு. ஆனால் திரை இதை ஒரு விரலாகவே கருதுவதால், எழுதும்போது உள்ளங்கை பட்டாலும் அங்கும் கோடு விழும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுத எவராலும் இயலாது. கையொப்பம் இடுவதற்கு அப்பால் இதனால் பயனில்லை.

இரண்டாவது வகை, மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்குவது. திரைக்குப் பின்னால் நுண்ணிய கம்பிவலை ஒன்று இருக்கும். அது வெளியிடும் காந்தப்புலத்தைப் பேனாவினுள் உள்ள சுருள் ஏற்று, அதிர்ந்து, திருப்பி அனுப்பும். அதைக் கொண்டு பேனா நிற்கும் இடத்தையும் அழுத்தத்தையும் கருவி அறிகிறது. இப்பேனாவுக்குள் எழுதுவதற்கென மின்கலம் தேவையில்லை. ஆதலால் பழையதாயினும் மின்கலம் செத்துப் பேனா வீணாகும் அச்சமில்லை. ஜப்பானின் வாக்கம் நிறுவனம் இம்முறைக்குப் பெயர்பெற்றது. சாம்சங் நிறுவனத்தின் 'எஸ் பென்' உள்ள டேப்லெட்டுகள் இம்முறையைச் சார்ந்தவை. பழைய கருவி வாங்குவோருக்கு மிகவும் உகந்த வகை இதுவே.

மூன்றாவது வகை, தன்னுள் மின்கலம் கொண்டு திரையோடு குறிகைகளைப் பரிமாறும் பேனா. ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் பேனா போன்றவை இவ்வகையின. நுட்பத்தில் இவை சிறந்தவை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்குரிய திரையோடு மட்டுமே பேசும். ஆப்பிள் பென்சில் சர்ஃபேஸில் எழுதாது. ஆப்பிள் பென்சிலிலேயே முதல் தலைமுறைக்கு உரிய ஐபேட் ஒன்று, இரண்டாம் தலைமுறைக்கு உரியது வேறொன்று. நெடுநாள் மின்னேற்றப்படாமல் கிடந்த பேனாவின் மின்கலம் செயலிழந்திருக்கவும் கூடும். மாற்று நிறுவனங்கள் தயாரிக்கும் மலிவான பேனாக்கள் 2018 க்குப் பின் வந்த ஐபேட் மாதிரிகளில் நன்கு எழுதுகின்றன. அவற்றில் அழுத்தத்தை உணரும் திறன் பொதுவாக இராது. ஓவியர்க்கு அது குறை; படிவம் நிரப்புவோர்க்குக் குறையன்று.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'என்ன விலை' என்பதன்று; 'இக்கருவிக்கு உரிய பேனா எது, அது உடன் வருகிறதா' என்பதே.

தமிழும் கன்னடமும்

திரையில் எழுதியதை அப்படியே படமாகச் சேமிப்பது வேறு. அதைக் கணினி படித்தறிந்து அச்செழுத்தாக மாற்றுவது வேறு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001 இலேயே கையால் நிரப்பிய படிவங்களை வருடி, எழுத்துகளைக் கணினியால் படித்தறியும் முறையைக் கையாண்டது. தமிழ்க் கையெழுத்தைப் பொறுத்தவரை, பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகம் பேனாவால் எழுதப்பட்ட மாதிரிகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்கு அளித்தது. தமிழின் 247 எழுத்துகளையும் 156 வரிவடிவங்களின் சேர்க்கையாகக் கொள்ளலாம் என்னும் அடிப்படையில் 2006 இல் பன்னாட்டு ஆய்வுப்போட்டி ஒன்றும் நடைபெற்றது. இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ், கன்னடக் கையெழுத்து அறிதல் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. இன்று கூகுள் நிறுவனத்தின் விசைப்பலகைச் செயலியில் தமிழ், கன்னடம் ஆகிய இரண்டிலும் கையால் எழுதும் வசதி உண்டு.

எனினும் இதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன. தமிழில் 'கொ' என்று எழுதுபவர் முதலில் ஒற்றைக் கொம்பையும், பின்னர் ககரத்தையும், இறுதியில் காலையும் எழுதுகிறார். கணினி இதையே மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கிறது. கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் எழுத்தின் அடியில் இணைவதால் எழுதும் வரிக்குக் கீழே கூடுதல் இடம் வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது மெய்யெழுத்தின் புள்ளி. பேனாவால் மெல்லத் தட்டும் ஒரு நொடிப்பொழுதுத் தொடுகையே புள்ளி. தரமற்ற திரையும் பேனாவும் இத்தகைய சிறு தொடுகையைத் தவறவிடுகின்றன. 'கண்ணன்' என்பது 'கணணன' என்று நின்றுவிடுகிறது. பெயரில் புள்ளி போனால் ஆதார் அட்டையோடு ஒப்பிடும்போது பொருந்தாமல் போகும்.

ஆகவே வாங்குமுன் அக்கருவியிலேயே பத்துப் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். மொழிக்கோப்புகளை முன்னதாக இறக்கி வைத்து, பின்னர் இணையத்தை முற்றிலும் துண்டித்து மீண்டும் எழுதிப் பார்ப்பதும் அவசியம். கடையில் இயங்கிய வசதி அலைத்தொடர்பற்ற சிற்றூரில் நின்றுவிடக் கூடாது.

திரையின் அளவு

படிவங்கள் பெரும்பாலும் ஏ4 தாளில் அமைந்தவை. அதாவது 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையவை. முழுப் பக்கமும் தெரியுமாறு வைத்தால், 16க்கு 10 விகிதமுடைய 8 அங்குலத் திரையில் படிவம் மூல அளவில் ஏறத்தாழ 51 விழுக்காடாகச் சுருங்கும். சாம்சங் நிறுவனத்தின் 10.4 அங்குல நீள்திரையில் இது 65 விழுக்காடு. 4க்கு 3 விகிதமுடைய 10.2 அங்குல ஐபேடில் ஏறத்தாழ 70 விழுக்காடு. பாதியாகச் சுருங்கிய கட்டத்தில் கன்னட ஒத்தெழுத்தை எழுதுவது கடினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெரிதாக்கிச் சுருக்க வேண்டிவரும். பத்து அங்குலத்துக்குக் குறையாத திரையே படிவத்துக்கு ஏற்றது. களத்தில் நின்றுகொண்டு குறிப்பெடுப்பது மட்டுமே வேலை என்றால் 8 அங்குலம் போதும்.

எந்த மாதிரிகள்

ஒரு கருவியின் வயதை அது வெளிவந்த ஆண்டால் மட்டும் அளக்கலாகாது. இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்நாள் வரை கிடைக்கும் என்பதே அதன் உண்மையான ஆயுள். அது நின்றபின் வங்கிச் செயலிகளும் அரசுச் செயலிகளும் ஒவ்வொன்றாக நிறுவ மறுக்கத் தொடங்கும்.

சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் 2020 இல் வெளிவந்தது. எஸ் பென் பெட்டியிலேயே உடன் வந்தது. முதல் மாதிரி ஆண்ட்ராய்டு 10 இல் தொடங்கி 13 வரை உயர்த்தப்பட்டது. 2022, 2024 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட மாதிரிகள் வந்தன. மூன்றும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் அமைப்புப் பகுதியில் மாதிரி எண்ணைப் பார்த்தே ஆண்டை உறுதி செய்ய வேண்டும். 2019 இல் எஸ் பென்னுடன் வந்த 8 அங்குல டேப் ஏ, குறிப்பெடுக்க உதவும். நீண்டநாள் புதுப்பிப்பை அதில் எதிர்பார்க்க இயலாது.

ஐபேட் வரிசையில், சாதாரண மாதிரிகளுள் பென்சிலை முதலில் ஏற்றது 2018 இன் ஆறாம் தலைமுறை. அதற்கான இயங்குதள உயர்வு 17 ஆம் பதிப்போடும், 2019 இன் ஏழாம் தலைமுறைக்கு 18 ஆம் பதிப்போடும் நின்றுவிட்டது. ஆகவே 2020 இன் எட்டாம் தலைமுறை, 2021 இன் ஒன்பதாம் தலைமுறை ஆகியவற்றுக்கே பணம் செலவிடுவது அறிவுடைமை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். இல்லை என்பதும் கவனத்துக்குரியது. நிலத்தின் இருப்பிடத்தைக் கேட்கும் படிவங்களுக்கு சிம் வசதியுள்ள மாதிரியே தேவை.

விண்டோஸ் வரிசையில், விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாள் முடிவுற்றது. இதன்பின் பல கருவிகள் பழைய சந்தைக்கு மலிவாக வந்தன. 2018 இன் சர்ஃபேஸ் கோ, விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாதது. 2020 இன் சர்ஃபேஸ் கோ 2 தகுதி பெற்றது. பெயரில் ஓர் எண்ணே வேறுபாடு. பயனில் பெரும் வேறுபாடு உண்டு.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய கருவியை நேரில் பாராமல் வாங்குவது தவிர்க்கத்தக்கது. நேரில் அரைமணி நேரம் செலவிட்டால் பெரும்பாலான குறைகளைக் கண்டுகொள்ளலாம்.

1. அடிமட்டக் கோலைத் திரையில் வைத்து மூலைவிட்டமாக மெதுவாகக் கோடு இழுக்க வேண்டும். கோடு அலையலையாக வந்தால் சிறு எழுத்துகள் சிதையும்.

2. உள்ளங்கையைத் திரையில் நன்கு ஊன்றி ஐந்து வரிகள் எழுத வேண்டும். வேண்டாத கோடோ பக்க நகர்வோ ஏற்படக் கூடாது.

3. திரை முழுவதையும் நெருக்கமான கோடுகளால் நிரப்ப வேண்டும். ஓரிடத்தில் கோடு அறுபட்டால் அப்பகுதி செயலிழந்துள்ளது. மூலைகளில் பேனா நிற்கும் இடத்துக்கும் கோட்டுக்கும் இடைவெளி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

4. பக்கவாட்டில் நோக்கும்போது திரை சட்டத்திலிருந்து எழும்பியிருந்தால் உள்ளே மின்கலம் உப்பியிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகையதை இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. தீப்பற்றும் அபாயம் உண்டு.

5. லித்தியம் அயனி மின்கலம் பொதுவாக 500 முதல் 1,000 முழுச் சுற்றுகளுக்குப் பின் மூல ஆற்றலில் 80 விழுக்காட்டளவுக்குக் குறைகிறது. அரைமணி நேரம் தொடர்ந்து எழுதி, எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால் ஒரு நாள் வேலைக்குத் தாங்குமா என்பதைக் கணக்கிடலாம்.

6. கருவியை வெயிலுக்கு எடுத்துச் சென்று திரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆவணத்தைப் படமெடுத்து, சிறு எழுத்துகள் படிக்குமாறு உள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

7. சார்ஜர் இணைப்பை மெல்ல அசைத்தாலும் மின்னேற்றம் அறுபடாதிருத்தல் வேண்டும். நினைவகம் 3 ஜி.பி.க்கும் சேமிப்பகம் 32 ஜி.பி.க்கும் குறையாதிருத்தல் நலம்.

உரிமையும் பூட்டும்

முன்னைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாத டேப்லெட் ஒரு வெறும் பலகையே. ஐபேடில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் திருட்டுத் தடுப்புப் பூட்டு நடைமுறையில் உள்ளது. பணம் கொடுக்குமுன் விற்பவரைக் கொண்டே கணக்கை நீக்கச் செய்து, கருவியை முற்றிலும் அழித்து, வாங்குபவரின் கணக்கில் புதிதாகத் தொடங்கிப் பார்க்க வேண்டும். தொடங்கும்போது ஏதேனும் நிறுவனத்தின் பெயரோ பள்ளியின் பெயரோ தோன்றி, கருவி அதன் நிருவாகத்தில் இருப்பதாகத் தெரிவித்தால் அதை வாங்கக் கூடாது. அரசு வழங்கிய கருவிகளும் விற்பனைக்குரியவை அல்ல.

சிம் வசதியுள்ளதாயின் *#06# என்று தட்டினாலோ அமைப்புப் பகுதியில் பார்த்தாலோ 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளில் கே.ஒய்.எம். என்று எழுதி, இடைவெளி விட்டு அவ்வெண்ணைச் சேர்த்து 14422 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அக்கருவியின் நிலை தெரியவரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். எழுதித் தரும் பற்றுச்சீட்டில் மாதிரி எண், வரிசை எண், விற்பவர் பெயர், நாள் ஆகியவை இடம்பெறச் செய்வது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

உண்மையான விலை

குறித்த விலையையும் உண்மையான விலையையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை. முதல் டேப்லெட் 6,000 ரூபாய். பேனா இல்லை, அதற்கு 2,500 ரூபாய். மின்கலம் மாற்ற 2,000 ரூபாய். புதுப்பிப்பு இன்னும் 12 மாதங்களே கிடைக்கும். மொத்தம் 10,500 ரூபாய்; மாதத்துக்கு 875 ரூபாய். இரண்டாவது டேப்லெட் பேனாவுடன் 11,000 ரூபாய்; மின்கலம் நன்னிலையில் உள்ளது; உறைக்கு 500 ரூபாய்; புதுப்பிப்பு 30 மாதங்கள் கிடைக்கும். மொத்தம் 11,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 383 ரூபாய். மலிவானதாகத் தோன்றியது இரு மடங்குக்கும் மேல் செலவு வைக்கிறது. வாங்குவோர் தாம் பார்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் இக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தல் வேண்டும். பேனாவின் நுனி தேயும் பொருள் என்பதால் மாற்று நுனிகளுக்கும் சிறு தொகை ஒதுக்குவது நன்று.

பிறர் விவரங்களின் பாதுகாப்பு

இறுதியாக, டேப்லெட்டில் எழுதப்படுபவை வாங்கியவரின் விவரங்கள் அல்ல; ஊர் மக்களின் விவரங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவை ஒரே கருவியில் சேர்கின்றன. எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இவ்விவரங்களைக் கையாள்வோரின் பொறுப்பை வலியுறுத்துகிறது. திரைப்பூட்டு, பணிக்கெனத் தனிக் கணக்கு, வேலை முடிந்ததும் ஆவணப் படங்களை அழித்தல் ஆகிய மூன்றும் கட்டாயப் பழக்கமாக வேண்டும். இயன்ற இடங்களில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்தலாம். கருவியை மீண்டும் விற்கும்போது முற்றிலும் அழித்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.

திரையில் பேனாவால் வரையும் கையொப்பமும், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 குறிப்பிடும் மின்கையொப்பமும் ஒன்றல்ல என்பதும் நினைவிற்குரியது. ஆதார் வழியிலான மின்கையொப்ப முறை 2015 முதல் நடைமுறையில் உள்ளது. படிவத்தை ஏற்கும் அலுவலகம் எதை ஏற்கும் என்பதை முன்னரே கேட்டறிவது நல்லது. கைந்நாட்டும் அசல் சான்றும் கேட்கப்படும் இடங்களில் காகிதத்தை விட்டுவிட இயலாது. அங்கு டேப்லெட், நகல் வைத்துக்கொள்ளவும் பிழை பார்க்கவும் உதவும் துணைக்கருவியே.

ராமாபுரம் போன்ற ஓர் ஊரில் ஒருவர் தனியே வாங்குவதைவிட, சுயஉதவிக் குழுக்கள் சில சேர்ந்து நல்ல பேனாவுடைய ஒரு டேப்லெட்டை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வது சிக்கனமான வழியாகும். பலர் ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்வது என்பதே சிம்ப்யூட்டரை வடிவமைத்தோரின் எண்ணமும் ஆகும். அவ்வாறு வாங்கும் குழு முதலில் தன் வேலையைப் பிரித்தறிந்து, அடுத்துப் பேனாவைச் சோதித்து, அதன்பின் புதுப்பிப்புக் காலத்தைக் கேட்டு, கடைசியாக விலை பேசுமானால், பழைய டேப்லெட்டும் சில ஆண்டுகளுக்கு நம்பத்தக்க எழுதுபலகையாக இருக்கும். புள்ளி தவறாமல் எழுதப்பட்ட ஒரு பெயர், ஒரு முதியவரை மற்றொரு முறை நாடகச்சேரிக்கு அலையவிடாமல் காக்கும்.